கைனகாலஜி சர்ஜரி கோடிங் வகுப்பு: யார் சேரலாம், யார் இப்போதைக்கு வேண்டாம்

சென்னையில் வேளச்சேரிப் பக்கம் ஒரு பயிற்சி மையம் வார இறுதியில் நடத்தும் கைனகாலஜி (பெண்கள் நோய்) சர்ஜரி மெடிக்கல் கோடிங் வகுப்பை முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே கோடிங்கில் இருப்பவர்கள், அதாவது ஈடி (அவசர சிகிச்சைப் பிரிவு), ரேடியாலஜி என்று ஏதாவது ஒன்றில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு சர்ஜரிக்கு மாற நினைப்பவர்கள் தாராளமாகச் சேரலாம், காசு வீண் போகாது. படிப்பு முடித்து இப்போதுதான் வேலை தேடும் ஃப்ரெஷர்கள் தயவுசெய்து அவசரப்படாதீர்கள், காரணம் கீழே சொல்கிறேன். மையத்தின் பெயரை எழுதவில்லை. குறைகளும் நிறைய வரப்போகின்றன, அதோடு இதே பாணி வகுப்புகள் இப்போது திருச்சி, கோவை என்று எல்லா ஊரிலும் நடக்கின்றன, நான் பார்த்ததை வைத்து நீங்கள் எந்த மையத்தையும் எடைபோட்டுக்கொள்ளலாம்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பை அறுவை நடக்கிறது, டாக்டர் என்ன செய்தார் என்று ஒரு ஆப் நோட் (ஆபரேஷன் குறிப்பு) எழுதுகிறார், அந்த நோட் இங்கே நம் ஸ்க்ரீனுக்கு வருகிறது. செய்த அறுவைக்கு ஐந்து இலக்க சிபிடி எண், ஏன் செய்தார் என்பதற்கு ஐசிடி-10-சிஎம் எண், தேவைப்பட்டால் கூடுதல் விவரம் சொல்லும் இரண்டு இலக்க மாடிஃபையர், இவற்றைப் போட்டு அனுப்பினால்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தரும். பி.ஃபார்ம், பிசியோ, நர்சிங், பயோடெக் படித்த எத்தனையோ பேருக்கு இதுதான் இங்கே முதல் வேலை. ஒரு இலக்கம் மாறினால் க்ளெய்ம் டினை ஆகும், அதாவது பணம் தர மறுப்பார்கள், அதைவிட மோசம், சில சமயம் அந்தப் பெண்ணின் வீட்டுக்கே பில் போய்விடும். அதனால்தான் இதை ஒழுங்காகச் சொல்லித்தரும் இடம் எது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இந்த வகுப்பின் பெரிய பலம் சொல்லிக்கொடுக்கும் மேடம். சர்ஜரி கோடிங்கிலும் ஆடிட்டிலும் பல வருடம் இருந்தவர். முதல் வகுப்பில் சிபிடி புத்தகத்தைத் திறக்கவே விடவில்லை. ஒரு ஆப் நோட்டைக் கையில் கொடுத்து, டாக்டர் என்ன செய்தார் என்று தமிழில் சொல்லுங்கள் என்றார். எந்த வழியாக உள்ளே போனார், கர்ப்பப்பை வாய் வெளியே வந்ததா உள்ளேயே இருக்கிறதா, கருக்குழாயும் சினைப்பையும் என்ன ஆயின, கர்ப்பப்பையைச் சுற்றியிருந்த பிடிமானங்களையும் ரத்தக் குழாய்களையும் எங்கிருந்து வெட்டினார். இதைத் தமிழில் சொல்ல முடிந்த பிறகுதான் எண்ணைத் தேட விடுவார். ஈடியில் இருந்து வந்தவர்கள் ஆரம்பத்தில் திணறினார்கள், ஏனென்றால் அங்கே டார்கெட்டுக்காக முக்கியச் சொற்களை மட்டும் கண்ணால் மேய்ந்து பழக்கம். சர்ஜரி நோட்டை அப்படி மேய முடியாது.

ஹிஸ்டரெக்டமிக்கு, அதாவது கர்ப்பப்பையை எடுக்கும் அறுவைக்கு மட்டும் பல வகுப்புகள் ஒதுக்கினார், அது மிகச் சரி, ஏனென்றால் குழப்பம் முழுக்க அங்கேதான். வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையையும் வாயையும் எடுத்தால் 58150. அந்த எண்ணின் விளக்கத்திலேயே கருக்குழாய், சினைப்பை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் என்று இருக்கிறது, எடையும் கேட்பதில்லை, அதனால் அது சுலபம். பிறப்புறுப்பு வழியாகவோ லேப்ராஸ்கோப்பியிலோ (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டு) செய்தால் கதை வேறு. கர்ப்பப்பை 250 கிராமுக்குள் இருக்கிறதா, தாண்டுகிறதா, குழாயோ சினைப்பையோ கூட வந்ததா என்று பார்த்து எண் மாறும். முழு லேப்ராஸ்கோப்பிக் ஹிஸ்டரெக்டமி என்றால் 58570, குழாயோ ஓவரியோ சேர்ந்து வந்தால் 58571, எடை தாண்டினால் 58572, எடையும் தாண்டி அவையும் வந்தால் 58573. வாயை மட்டும் விட்டுவிட்டால் 58541-இல் இருந்து 58544 வரை. லேப்ராஸ்கோப் உதவியோடு பிறப்புறுப்பு வழியாகச் செய்தால் 58550, 58552, 58553, 58554. இந்த வரிசை புத்தகத்தில் யாருக்கும் கிடைக்கும். கிடைக்காதது, 58570 வரிசைக்கும் 58550 வரிசைக்கும் உள்ள வித்தியாசத்தை நோட்டில் கண்டுபிடிப்பது எப்படி என்பது.

அங்கேதான் மேடத்தின் அனுபவம் தெரிந்தது. கர்ப்பப்பை பிறப்புறுப்பு வழியாக வெளியே வந்தது என்று நோட்டில் படித்ததும் பாதிப் பேர் 58550 பக்கம் ஓடிவிடுவார்கள். வெளியே எடுத்த வழி முக்கியமில்லை, பிரித்த வழிதான் முக்கியம். கர்ப்பப்பை, வாய் இரண்டையும் கடைசி வரை லேப்ராஸ்கோப் வழியாகவே பிரித்துவிட்டுப் பிறப்புறுப்பு வழியாக வெளியே எடுத்தால் அது 58570 குடும்பம்தான். பாதி வேலையை மேலே முடித்துவிட்டு மீதியைக் கீழே இருந்து வெட்டினால்தான் 58550 குடும்பம். நோட்டின் தலைப்பில் டாக்டர் ஒன்று எழுதியிருப்பார், உள்ளே செய்தது வேறாக இருக்கும், தலைப்பை நம்பி எண் போடாதீர்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னார். அவர் கொடுத்த பயிற்சி நோட்டுகளில் இந்த மாதிரி முரண் உள்ளவையும் இருந்தன, நல்ல தேர்வு.

எடை விஷயமும் அப்படித்தான். ஆப் நோட்டில் டாக்டர் கர்ப்பப்பை பெரிதாக இருந்தது என்று மட்டும் எழுதியிருப்பார், கிராம் கணக்கு பேத்தாலஜி ரிப்போர்ட்டில்தான் வரும். அது வரும்வரை சார்ட்டை ஹோல்டில் வைக்க வேண்டும், அல்லது டாக்டருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைக் கட்டி) இருந்தாலே 250 தாண்டியிருக்கும் என்று நாமே முடிவு செய்வது கூடாது. புரொடக்‌ஷன் அவசரத்தில் டிஎல் (டீம் லீடர்) ஏன் பெண்டிங் என்று கேட்கும்போது என்ன குறிப்பு எழுதி வைக்க வேண்டும் என்பது வரை சொல்லிக்கொடுத்தார். இந்த நடைமுறை அறிவை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

அப்புறம் பண்ட்லிங், அதாவது ஒரு எண்ணுக்குள்ளேயே இன்னொரு வேலையும் அடங்கிவிடுவது. ஹிஸ்டரெக்டமியோடு இரண்டு பக்கக் குழாயும் எடுத்திருக்கிறார்கள், உடனே 58570-ஓடு குழாய் எடுப்பதற்கான 58661-ஐச் சேர்த்துப் போடுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. 58571-லேயே அது அடக்கம், குழாய் மட்டும் வந்தாலும் சரி, ஓவரி மட்டும் வந்தாலும் சரி. தனியாக அனுப்பினால் இன்னொன்றின் கட்டணத்தில் இதுவும் சேர்ந்துவிட்டது என்று சிஓ-97 என்ற காரண எண் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அறுவையின் ஆரம்பத்தில் உள்ளே பார்த்த 49320, ஒட்டுதல்களைப் பிரித்த 58660, முடிந்த பிறகு சிறுநீர்ப்பைக்குக் காயம் இல்லை என்று உறுதி செய்ய ஸ்கோப் விட்டுப் பார்த்த 52000, இவையும் தனியாகக் கேட்க முடியாதவை. டினை ஆனதும், இது தனி வேலை என்று சொல்லும் மாடிஃபையர் 59-ஐ ஒட்டி மறுபடி அனுப்பும் பழக்கத்தை மேடம் கடுமையாகக் கண்டித்தார், எனக்கு அது ரொம்பப் பிடித்தது. செய்யாத தனி வேலையைச் செய்ததாகச் சொல்வது அது, ஆடிட்டில் மாட்டினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சுவர் போன்ற திசு வெளியே வளரும் நோய்) வந்த பெண்ணுக்கு ஒட்டுதல்களைப் பிரிக்கவே வழக்கத்தைவிட மிக அதிக நேரம் ஆகியிருந்தால், டாக்டர் அதை நேரத்தோடும் விவரத்தோடும் எழுதியிருந்தால், மாடிஃபையர் 22 போட்டு நோட்டையும் சேர்த்து அனுப்பலாம். எழுதியிருக்கவில்லை என்றால் எதுவும் செய்ய முடியாது.

ஹிஸ்டரோஸ்கோப்பி (கர்ப்பப்பைக்குள் கேமரா விடுவது), ஸ்லிங் (சிறுநீர்க் கசிவுக்குப் பட்டை வைப்பது), கோல்போரஃபி (பிறப்புறுப்புச் சுவரைத் தைத்துச் சரிசெய்வது) எல்லாம் வேகமாக ஓடின, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹிஸ்டரோஸ்கோப்பி எண்ணான 58558-க்குள்ளேயே பயாப்ஸி, பாலிப் எடுப்பது, டி அண்ட் சி (கர்ப்பப்பை உள்சுவரைச் சுரண்டுவது) மூன்றும் அடங்கும் என்பதை மனதில் பதிய வைத்துவிட்டார், அது போதும். லேப்ராஸ்கோப்பியில் ஆரம்பித்துப் பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் திறந்து செய்ததற்கு மட்டும் எண், கூடவே அப்படி மாறியதைச் சொல்லும் ஐசிடி எண் இசட்53.31 என்பதும் நன்றாகப் புரிந்தது. 90 நாள் குளோபல் பீரியடும், அதாவது அறுவைக் கட்டணத்திலேயே அடங்கும் பின்கவனிப்புக் காலமும் அப்படியே. அறுவைக்குப் பிறகு ரத்தக்கசிவு வந்து அதே பெண்ணை மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்கு எடுத்துப் போனால் மாடிஃபையர் 78, முன்பே திட்டமிட்ட அடுத்த கட்டம் என்றால் 58, சம்பந்தமே இல்லாத வேறு அறுவை என்றால் 79, அறுவைக்கு முந்தின நாளோ அன்றோதான் முடிவெடுத்தார்கள் என்றால் அந்த விசிட்டுக்கு 57. இந்த நான்கையும் உதாரணம் உதாரணமாகப் போட்டுக் கலக்கிக் கேட்டது நல்ல பயிற்சி.

இனி குறைகள்.

முதல் குறை, ஐசிடி பகுதிக்கான ஸ்லைடுகள் பழையவை. எண்டோமெட்ரியோசிஸ் எண்கள் 2022 அக்டோபர் 1 முதல் அடியோடு மாறிவிட்டன. முன்பு சினைப்பை என்றால் என்80.1, கதை முடிந்தது. இப்போது வலதா இடதா இரண்டுமா, மேலோட்டமா ஆழமா என்றெல்லாம் சொல்ல வேண்டும், வலது சினைப்பையில் ஆழமாக இருந்தால் என்80.121. அதே திசு கர்ப்பப்பைத் தசைக்குள் வளரும் அடினோமயோசிஸுக்கு என்80.03 என்று தனி இடம் வந்துவிட்டது. மையத்தின் ஸ்லைடில் பழைய நான்கு இலக்க எண்கள் அப்படியே இருந்தன. வகுப்பில் ஒருவர் கேட்டபோது மேடம் வாயால் திருத்திச் சொன்னார், அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் அச்சடித்துக் கொடுத்த மெட்டீரியலில் திருத்தவில்லை. ஐசிடி ஒவ்வொரு அக்டோபரிலும் புதுப்பிக்கப்படுகிறது, சிபிடி ஜனவரியில், எந்தெந்த எண்களைச் சேர்த்துக் கேட்கக் கூடாது என்று சொல்லும் என்சிசிஐ எடிட்கள் காலாண்டுக்கு ஒரு முறை. காசு வாங்கி நடத்தும் வகுப்பு இதையாவது செய்ய வேண்டும். அந்த மெட்டீரியலை மட்டும் நம்பி ஒருவர் வேலைக்குப் போனால் முதல் வாரமே குவாலிட்டி அடிபடும்.

இரண்டாவது குறைதான் எனக்கு அதிகம் வருத்தம் தந்தது. கருத்தடை அறுவைக்கு ஒரே ஒரு ஸ்லைடு. கைனகாலஜி சர்ஜரியில் பெண்களின் பணப்பையைத் தொடும் இடமே அதுதான். அமெரிக்காவில் 2012 முதல் பெரும்பாலான தனியார் இன்ஷூரன்ஸ் திட்டங்கள் பெண்களுக்கான கருத்தடை அறுவையை அவர்களிடம் பணம் வாங்காமல் செய்துதர வேண்டும் என்பது சட்டம். முன்பெல்லாம் குழாயைச் சுட்டு அடைப்பார்கள், 58670, அல்லது க்ளிப் போடுவார்கள், 58671. இப்போது பல டாக்டர்கள் குழாயை முழுதாகவே எடுத்துவிடுகிறார்கள், பின்னால் வரக்கூடிய சினைப்பைப் புற்றுநோயின் ஆபத்தும் அதனால் குறைகிறது. லேப்ராஸ்கோப்பியில் அப்படி எடுத்தால் எண் 58661. நோய்க்காகக் குழாயையோ சினைப்பையையோ எடுத்தாலும் அதே எண்தான். அதனால் இன்ஷூரன்ஸ் சிஸ்டம் அதைக் கருத்தடை என்று தானாக அடையாளம் காணாமல் போகலாம், டிடக்டபிள் (காப்பீடு தரும் முன் அவரே கட்ட வேண்டிய தொகை) என்று சொல்லி அந்தப் பெண்ணுக்கு ஒரு பெரிய பில் போகலாம். கருத்தடைக்காக வந்தவர் என்று சொல்லும் இசட்30.2-ஐ முதல் டயக்னோசிஸாக வைப்பதும், இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்றுக்கொண்டால் தடுப்பு சேவைக்கான மாடிஃபையர் 33 போடுவதும் அங்கே நம் கையில் இருக்கிற உதவி. இவ்வளவையும் சொல்ல அரை வகுப்பு போதும், சொல்லவில்லை. முகம் தெரியாத ஒருத்தி சட்டப்படி தரவேண்டியதில்லாத பணத்தைக் கட்டிவிடக் கூடாது என்பதற்காகவாவது இதை விரிவாக எடுக்க வேண்டும் என்று வகுப்பு முடிந்த பிறகு மேடத்திடம் கேட்டேன், அடுத்த பேட்சில் சேர்க்கிறேன் என்றார். சேர்ப்பார் என்று நம்புகிறேன்.

மெடிக்கெய்டு ஒப்புதல் படிவத்தையும் இதே வேகத்தில் கடந்தார்கள். அரசு காப்பீட்டில் இருக்கும் ஏழைப் பெண்ணுக்குக் கருத்தடை அறுவை செய்ய, கையெழுத்திடும்போது அவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், கையெழுத்துக்கும் அறுவைக்கும் நடுவில் குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும், 180 நாளைத் தாண்டவும் கூடாது. குறைமாதப் பிரசவம், வயிற்றில் அவசர அறுவை என்றால் மட்டும் 72 மணி நேரம் போதும். தேதி ஒரு நாள் தவறினாலும் பணம் கிடைக்காது, என்ன அப்பீல் செய்தாலும் நடக்காது. 1970-களில் அங்கே ஏழை, கறுப்பின, பூர்வகுடிப் பெண்களுக்கும் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களுக்கும் சம்மதம் இல்லாமலே கருத்தடை செய்த கொடுமைகள் வெளியே வந்த பிறகு கொண்டுவந்த விதி இது. அந்தப் பின்னணியைச் சொன்னால் யாரும் தேதியைப் பார்க்க மறக்க மாட்டார்கள். ஹிஸ்டரெக்டமிக்கும், இனி குழந்தை பிறக்காது என்று தெரிந்துகொண்டதாக மெடிக்கெய்டு தனி ஒப்புதல் கேட்கும். பில்லிங் டீமில் இருப்பவர்களுக்கு இது தினசரித் தலைவலி, கோடிங் பக்கம் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பயிற்சிக்குத் தரும் நோட்டுகள். மேடமே தேர்ந்தெடுத்த சில நோட்டுகள் நன்றாக இருந்தன என்று மேலே சொன்னேன். மையம் தனியாகத் தரும் பயிற்சிக் கட்டு அப்படி இல்லை, எல்லாம் சுத்தமாக டைப் அடித்த, தலைப்பும் உள்ளடக்கமும் அச்சுப் பிசகாமல் பொருந்துகிற நோட்டுகள். நிஜத்தில் டிக்டேஷன் பிழையும், பழைய நோட்டில் இருந்து காப்பி பேஸ்ட் செய்த பத்தியும், வலது என்று ஒரு இடத்திலும் இடது என்று இன்னொரு இடத்திலும் எழுதியதுமாகத்தான் வரும். ரோபோவில் செய்த அறுவை ஒன்றுகூட அந்தக் கட்டில் இல்லை. இன்று வருகிற ஹிஸ்டரெக்டமி நோட்டுகளில் ரோபோ சாதாரணமாகிவிட்டது, அதற்கென்று தனி சிபிடி எண் கிடையாது, அதே லேப்ராஸ்கோப்பி எண்தான் என்பதைப் புதியவர்கள் எங்கே கற்றுக்கொள்வார்கள்?

ஃப்ரெஷர்கள் விஷயத்துக்கு வருகிறேன். சேர்க்கை நடக்கும்போது வேலை உறுதி என்ற தொனியில் வாட்சாப்பில் மெசேஜ் அனுப்புகிறார்கள். என் பேட்சில் ஊரில் இருந்து வந்து பிஜியில் தங்கிப் படித்த பெண்கள் இருந்தார்கள், அவர்களுக்கு அடிப்படை கோடிங்கே தெரியாது, அனாடமியும் மறந்துவிட்டது, வகுப்பில் கேள்வி கேட்கக்கூடத் தயங்கினார்கள். வகுப்பு முடிந்ததும் கிடைப்பது மையத்தின் சான்றிதழ். அதை வைத்து சர்ஜரி டீமில் நேரடியாக யாரும் எடுக்க மாட்டார்கள், நான் பார்த்த வரையில் கம்பெனிகள் கேட்பது ஏஏபிசி என்ற அமெரிக்கக் கோடிங் அமைப்பு நடத்தும் சிபிசி சான்றிதழ். அந்தத் தேர்வு 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் வாங்கினால் பாஸ், புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம். அனுபவம் இல்லாதவர்களுக்குப் பெயருக்குப் பின்னால் ஏ என்று அப்ரெண்டிஸ் அடையாளம் சேர்ந்து வரும், அதில் தப்பில்லை, எல்லோரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். தங்கைகளே, இந்த வகுப்புக்குக் கட்டுகிற பணத்தைச் சிபிசி தேர்வுக் கட்டணத்துக்கும் நடப்பு வருடப் புத்தகங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெஷாலிட்டி அப்புறம் வரும், கைனகாலஜிக்கென்றே ஏஏபிசியில் தனித் தேர்வும் இருக்கிறது. வேலை உறுதி என்று சொல்லிச் சேர்ப்பதை இந்த மையம் உடனே நிறுத்த வேண்டும்.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஏசி உண்டு, பேட்ச் பெரிது, பின் வரிசையில் உட்கார்ந்தால் ஸ்க்ரீனில் நோட்டைப் படிக்க முடியாது, முன்னால் இடம் பிடியுங்கள். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வருபவர்களுக்கு ரெக்கார்டிங் தருகிறார்கள், ஆனால் குறிப்பிட்ட நாட்களில் லிங்க் காலாவதி ஆகிவிடும். கட்டணம் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதல், தவணையில் கட்டலாம். தமிழில் விளக்குவது பெரிய நிம்மதி. கர்ப்பப்பையின் பிடிமானங்களான பிராட் லிகமென்ட், கார்டினல் லிகமென்ட் எங்கே இருக்கிறது என்று போர்டில் படம் வரைந்து தமிழில் சொன்ன பிறகுதான் பலருக்கு ஆப் நோட் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

காசு கட்டாமலே கிடைப்பவையும் இருக்கின்றன. அமெரிக்க அரசின் காப்பீட்டுத் திட்டங்களை நடத்தும் சிஎம்எஸ் தளத்தில் என்சிசிஐ எடிட் ஃபைல்களும் கொள்கைக் கையேடும் இலவசம், நமக்கு வேண்டியது ஏழாவது அத்தியாயம். ஐசிடி-10-சிஎம் வழிகாட்டு விதிகளும் இலவசம். அனுபவம் உள்ள ஒருவர் கூட உட்கார்ந்து சந்தேகம் தீர்த்தால் இவற்றை வைத்தே பாதி தூரம் போகலாம். ஆப் நோட்டைப் படிக்கிற அந்தப் பயிற்சி மட்டும் எந்த ஃபைலிலும் கிடைக்கவில்லை, நான் பணம் கொடுத்தது அதற்குத்தான்.

சேரும் முன் டெமோ வகுப்புக்குப் போய் இரண்டு விஷயம் கேளுங்கள். எண்டோமெட்ரியோசிஸ் ஸ்லைடைக் காட்டச் சொல்லுங்கள், என்80.1 என்று வெறுமனே நின்றால் மெட்டீரியல் பழையது. அடுத்து, குழாயை முழுதாக எடுத்துச் செய்த கருத்தடைக்கு என்ன எண், என்ன டயக்னோசிஸ் என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் சரியாக வந்தால் பணத்தைக் கட்டலாம். இதே மேடம் எடுக்கும் பேட்ச்தானா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், நடுவில் ஆளை மாற்றினால் இந்த வகுப்புக்கு அந்தக் காசு பெறாது.